முதன்மை வாதியாகக் கையெழுத்துப் போடலாமா?

டெக்சஸிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 41. எச்1பி விசா. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஊழியர்களுக்குத் தள்ளுபடி விலையில் தரும் பங்குகளைச் சம்பளத்தில் பிடித்தம் செய்து நாலு வருஷமாக வாங்கி வந்தார். அது போதாதென்று சேமிப்பிலிருந்தும் அதே பங்கைச் சந்தையில் வாங்கினார். 'முந்தைய இரண்டு ஆண்டுகளின் வருமானக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது' என்று நிறுவனம் அறிவித்த மறுநாள் பங்கு 38 சதவீதம் விழுந்தது. அவர் கணக்குப்படி நஷ்டம் 62,000 டாலர்.

அந்த வாரமே சட்ட நிறுவனங்களின் அறிவிப்புகள் வரிசையாக வந்தன. ஒன்றின் இணையப் படிவத்தை நிரப்பினார். இரண்டு நாளில் போன் வந்தது. "நீங்களே இந்தக் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கில் முதன்மை வாதியாக இருக்கலாம்", அதாவது பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் நடக்கும் ஒரே வழக்கில் அவர்களின் பிரதிநிதியாக நிற்கலாம் என்று சொல்லி, கையெழுத்துப் போட ஒரு பக்கத் தாளை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். "தைரியமாகப் போடு தம்பி, வக்கீல்கள் உன்னைத் தனியாகக் கவனிப்பார்கள், இதெல்லாம் அங்கே வழக்கம்தான்" என்றாராம் அவர். அந்த இரவு இவர் உட்கார்ந்து தேடியதில் மில்பெர்க் வைஸ் என்ற நிறுவனத்தின் கதை கிடைத்திருக்கிறது. அதன் வக்கீல்கள் சிறைக்குப் போனதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. 'இந்த வழக்குகளே மிரட்டிப் பணம் பறிக்கும் தொழிலா? நானும் மாட்டிக்கொள்வேனா? ஒதுங்கினால் 62,000 டாலரும் போய்விடுமா? வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து உண்டா?' என்று கேட்கிறார். 'என் பேச்சைக் கேட்டு மைத்துனரும் கோவையிலிருந்தே இந்தப் பங்கை வாங்கிவிட்டார், அவருக்கு வழியே இல்லையா' என்று கடைசியில் ஒரு வரி.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்பியதாலேயே அந்த நிறுவனம் உங்கள் வக்கீல் ஆகிவிடாது. அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். இப்படிப்பட்ட படிவங்களின் அடியில் சில சமயம் 'உறுதிமொழி' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால், அதையே மின்கையெழுத்தாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி ஏதாவது இருந்தால், 'என் பெயரில் எதையும் தாக்கல் செய்ய நான் அனுமதிக்கவில்லை' என்று இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

என் கருத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் இருப்பவர் முதன்மை வாதியாகப் போக வேண்டாம். ஆனால் 'இந்த வழக்குகளே மோசடி' என்று நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. முதலீட்டாளர் தரப்பில் வழக்காடுகிறவள் என்பதால் அந்த வரி எனக்கு உறுத்தியது. நீங்கள் பாதி படித்துவிட்டுப் பயந்த கதையின் மீதியைச் சொன்னால்தான் உங்கள் கையில் இருக்கும் தாள் என்னவென்று புரியும்.

மில்பெர்க் வைஸ்: வளர்ந்ததும் விழுந்ததும்

1965ல் நியூயார்க்கில் லாரன்ஸ் மில்பெர்க்கும் மெல்வின் வைஸும் தொடங்கிய நிறுவனம் அது. அடுத்த ஆண்டே, கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதி 23 திருத்தப்பட்டது. அதற்கு முன்பு நஷ்டஈடு கேட்கும் வழக்கில் பலன் வேண்டுமானால் ஒவ்வொருவரும் தாமாக வந்து சேர வேண்டும். 1966க்குப் பிறகு, 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து விலகாதவரை, பாதிக்கப்பட்ட எல்லோரும் வழக்குக்குள் இருப்பதாகவே பொருள். முந்நூறு டாலர் இழந்த ஆசிரியை தனியாக வக்கீல் வைக்க முடியாது. அவரைப் போல முப்பதாயிரம் பேர் ஒரே வழக்கில் இருந்தால், எவ்வளவு பெரிய கம்பெனியும் பதில் சொல்லியே தீர வேண்டும். இதன் வலிமையை முதலில் கண்டுகொண்டவர்களில் மெல்வின் வைஸ் ஒருவர்.

1976ல் பில் லெராக் என்ற இளம் வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்து, கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் அலுவலகம் திறந்தார். ஓய்வுபெற்ற முதியவர்கள் ஆயிரக்கணக்கில் சேமிப்பை இழந்த சார்லஸ் கீட்டிங்கின் லிங்கன் சேவிங்ஸ் விவகாரம் போன்ற வழக்குகளில் இவர்கள் வாங்கிக் கொடுத்த பணம் மெய்யான பணம், ஏமாந்தவர்களும் மெய்யான மனிதர்கள். 1988ல் 'பேசிக்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் கதவைத் திறந்துவிட்டது. நிறுவனம் வெளியே சொன்ன பொய், நல்ல சந்தையில் பங்கின் விலைக்குள்ளேயே போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு முதலீட்டாளரும் அந்த அறிக்கையைப் படித்துத்தான் ஏமாந்தார் என்று தனித்தனியாகக் காட்டத் தேவையில்லை என்றது நீதிமன்றம். 'நான் எந்த ஆண்டறிக்கையையும் படித்ததில்லை, எனக்கு உரிமை உண்டா' என்று நீங்கள் கேட்டதற்கு இந்தத் தீர்ப்புதான் பதில். உண்டு.

சரி, எங்கே கெட்டது? அந்தக் காலத்தில் முதலில் மனுப் போட்ட வக்கீலுக்கே வழக்கை நடத்தும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைத்தது. நடத்துகிறவருக்குத்தான் பெரிய கட்டணம். பங்கு விழுந்த அன்றே மனு தயாராக வேண்டுமென்றால், அந்தப் பங்கை வைத்திருக்கும் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பல கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிட்டபோதெல்லாம் பெயர் கொடுக்கும் ஆட்கள் இப்படித்தான் உருவானார்கள். அவர்களுக்கு மில்பெர்க் வைஸ் தன் கட்டணத்திலிருந்து ரகசியமாகப் பங்கு கொடுத்தது. சில சமயம் ரொக்கமாக, சில சமயம் வேறொரு வக்கீல் வழியாக, 'பரிந்துரைக் கட்டணம்' என்ற பெயரில். பங்காளிகளில் ஒருவரான டேவிட் பெர்ஷாட் தன் அறையின் அலமாரிக்குள் ஒரு பெட்டகம் வைத்து, ரொக்கத்தை அதில் வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது.

வெளியே தெரிந்த விதம் விசித்திரமானது. கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் கூப்பர்மன் என்ற கண் மருத்துவர், காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் வீட்டிலிருந்த ஒரு பிக்காசோ ஓவியத்தையும் ஒரு மொனே ஓவியத்தையும் தானே திருட ஏற்பாடு செய்தார். 1999ல் அதற்காகக் குற்றவாளி என்று தீர்ப்பானதும், தண்டனையைக் குறைத்துக்கொள்ள அரசு வக்கீல்களிடம் வாயைத் திறந்தார். மில்பெர்க் வைஸ் தனக்குப் பணம் கொடுத்து வாதியாக வைத்திருந்த கதை அப்படித்தான் வந்தது.

விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்குள் 2004ல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்து, லெராக் மேற்குக் கரையில் தனி நிறுவனம் கண்டார். 2006 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மில்பெர்க் வைஸ் நிறுவனத்தின் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. 20 ஆண்டுகளுக்கு மேலாக, 150க்கும் அதிகமான வழக்குகளில், 1.13 கோடி டாலர் கள்ளத்தனமாக வாதிகளுக்குப் போனது, அந்த வழக்குகளில் நிறுவனம் 21.6 கோடி டாலர் கட்டணம் ஈட்டியது என்பது குற்றச்சாட்டு. லெராக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2008 பிப்ரவரியில் இரண்டு ஆண்டு தண்டனை பெற்றார். வைஸுக்கு அதே ஆண்டு ஜூனில் 30 மாதம். பெர்ஷாட்டுக்கும் இன்னொரு பங்காளியான ஸ்டீவன் ஷுல்மனுக்கும் ஆறு ஆறு மாதம். நிறுவனம் 7.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டதும் அதன் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குற்றப்பத்திரிகை, கம்பெனிகள் மீது போட்ட வழக்குகள் பொய் என்பதைப் பற்றியது அல்ல. வாதி யார், அவருக்கு யார் பணம் கொடுத்தார் என்று நீதிபதியிடம் சொன்ன பொய்யைப் பற்றியது. 'பணம் எங்கள் கட்டணத்திலிருந்துதானே போனது, யாருக்கு என்ன நஷ்டம்' என்று வாதாடியவர்கள் அன்றும் இருந்தார்கள், உங்கள் சங்கத்து அண்ணனைப் போல இன்றும் இருக்கிறார்கள். நஷ்டம் உண்டு. வக்கீல் கட்டணம், ஏமாந்தவர்களுக்கு வரும் மொத்தப் பணத்திலிருந்து கழிக்கப்படுகிறது. கட்டணம் கூடினால் அவர்கள் பங்கு குறையும். வாதியின் வேலை அந்தக் கட்டணத்தைக் கண்காணிப்பது. அவரே கட்டணத்தில் பங்கு வாங்குகிறார் என்றால், அது எவ்வளவு ஏறினாலும் அவருக்கு லாபம். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவே மாட்டார். பெயரளவில் அவர் பிரதிநிதி, உண்மையில் வக்கீலின் கூலியாள். அந்த ஆசிரியையின் பக்கம் நிற்க யாருமே இல்லாமல் போகிறது. இந்தத் துறையில் எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எதிர்மாறான உதாரணமும் இதே வட்டத்துக்குள் இருக்கிறது. எரிசக்தி நிறுவனமான என்ரான் கணக்கு மோசடியால் சரிந்தபோது முதன்மை வாதியாக வந்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அதன் வக்கீல் இதே லெராக்தான். துண்டு துண்டாகக் கிழித்த என்ரான் காகிதங்களை ஒரு பெட்டியில் போட்டு, ஹியூஸ்டன் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பல்கலைக்கழகம் வழக்கின் தொடக்கத்திலேயே கட்டண விகிதத்தைப் பேசி எழுதி வாங்கியிருந்தது. வங்கிகளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வந்த மொத்தம் சுமார் 720 கோடி டாலர். வக்கீல் கட்டணம் 68.8 கோடி, அதாவது பத்து சதவீதத்துக்கும் கீழே. இத்தகைய வழக்குகளில் 25, 30 சதவீதம் கேட்பது சாதாரணம். வாதி என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம்.

உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பக்கம்

கூலிக்கு வாதிகள் இருக்கிறார்கள் என்ற பேச்சு, குற்றப்பத்திரிகைக்கு வெகுமுன்பே அமெரிக்க நாடாளுமன்றம் வரை போயிருந்தது. 1995 டிசம்பரில், அதிபர் கிளின்டனின் மறுப்பையும் மீறி ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. முதலில் மனுப் போட்டவருக்கு முன்னுரிமை என்பது போய், அதிகம் இழந்து விண்ணப்பிப்பவரையே முதன்மை வாதியாக்குவது பொது நியதியானது. உங்களுக்கு வந்த தாளும் அந்தச் சட்டத்தின் குழந்தைதான். அதை ஒரு சம்பிரதாயப் படிவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலை வரி வரியாகப் படித்தேன்.

முதல் வரி, 'குற்றச்சாட்டு மனுவைப் படித்துப் பார்த்தேன், தாக்கல் செய்ய அனுமதிக்கிறேன்' என்கிறது. உங்களுக்கு மனுவை அனுப்பியதாகவே நீங்கள் எழுதவில்லை. மனுவைப் பார்க்காமல் இந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்தது, 'வக்கீல் சொல்லியோ, வழக்குப் போடுவதற்காகவோ இந்தப் பங்கை வாங்கவில்லை' என்பது. இதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, 'தேவைப்பட்டால் சாட்சியம் சொல்வது உட்பட, எல்லோருக்கும் பிரதிநிதியாக இருக்க விருப்பம்'. இந்தச் சின்ன வரிக்குப் பின்னால் சில வருஷம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் உங்களை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். உங்கள் மின்னஞ்சல், புரோக்கர் கணக்கு, நண்பர்களோடு இந்தப் பங்கைப் பற்றிப் பேசிய குறுஞ்செய்தி எல்லாம் கேட்கலாம்.

அப்புறம், வழக்கு குறிப்பிடும் காலத்தில் நீங்கள் வாங்கி விற்ற ஒவ்வொரு பரிவர்த்தனையும், தேதி, எண்ணிக்கை, விலையோடு வர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வேறு எந்த வழக்கில் முதன்மை வாதியாக இருந்தீர்கள், இருக்க முயன்றீர்கள் என்பதும் வேண்டும். மூன்று ஆண்டில் ஐந்துக்கு மேல் ஒருவர் அப்படி இருக்கக் கூடாது என்பது சட்டம்.

கடைசி வரியை அந்த அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். 'எல்லோருக்கும் கிடைக்கும் விகிதப்படியான பங்கைத் தவிர வேறு எந்தப் பணமும் வாங்க மாட்டேன். இந்த வேலைக்காக ஏற்பட்ட நியாயமான செலவும் இழந்த சம்பளமும் நீதிமன்றம் அனுமதித்தால் மட்டும்.' இந்தத் தாள் முழுவதும், பொய் சொன்னால் தண்டனை என்ற நிபந்தனையின் கீழ் சொல்லும் சத்தியம். 'தனியாகக் கவனிப்பது' என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான்: குற்றம். வெளிப்படையாக, நீதிபதி ஒப்புதலோடு செலவைத் திரும்பப் பெறுவது வேறு. அதில் தப்பே இல்லை.

போனில் பேசியவர் அப்படி ஏதும் ஜாடை காட்டியதாக நீங்கள் எழுதவில்லை, அண்ணன்தான் சொல்லியிருக்கிறார். எனவே அந்த நிறுவனத்தைச் சந்தேகிக்க எனக்கு ஆதாரமில்லை. ஒருவேளை யாராவது அப்படிப் பேசினால், அன்றோடு தொடர்பை நிறுத்துங்கள். பேச்சைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

62,000 டாலரும் திரும்ப வருமா?

வராது. இதை நாசூக்காகச் சொல்ல வழி தெரியவில்லை. நீங்கள் சொல்லும் நஷ்டமும் சட்டம் பார்க்கும் நஷ்டமும் ஒன்றல்ல. வழக்கு குறிப்பிடும் காலத்துக்கு முன்பே வாங்கிய பங்கு கணக்கில் வராது. உண்மை வெளியே வருவதற்கு முன் விற்றதும் பொதுவாக வராது. பொய்யால் ஏறியிருந்த விலை மட்டுமே நஷ்டம், சந்தையே இறங்கியதால் போனது சேராது. உண்மை வெளியான பிறகு 90 நாளில் பங்கின் சராசரி விலை மேலே ஏறினால், நஷ்டஈட்டின் உச்சவரம்பு அதற்கேற்பக் குறையும். ஊழியர் திட்டத்தில் காசு கொடுத்து வாங்கியவை பெரும்பாலும் சேரும். சம்பளத்தோடு இனாமாக வந்த பங்குகள் உங்களிடம் இருந்தால், அவற்றைப் பல வழக்குகளில் வாங்கியதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் அதிகாரியோ இயக்குநரோ அல்ல என்பதால், ஊழியர் என்ற ஒரே காரணத்துக்காக உங்களை வெளியே தள்ள மாட்டார்கள்.

அதோடு, வழக்கு நிற்க வேண்டும். கணக்கைத் திருத்தியது வலுவான ஆதாரம்தான். ஆனால் தவறு நடந்தது என்று காட்டினால் போதாது, தெரிந்தே செய்தார்கள் அல்லது கண்மூடித்தனமாக அலட்சியம் காட்டினார்கள் என்று நம்பத் தக்க விவரங்களோடு எழுத வேண்டும். 1995 சட்டம் இதை மிகக் கடினமாக்கிவிட்டது. எதிர்த்தரப்பின் காகிதங்களைக் கேட்டு வாங்கும் உரிமைகூட இந்தப் படியைத் தாண்டிய பிறகுதான். கணிசமான வழக்குகள் இங்கேயே தள்ளுபடியாகின்றன. தாண்டியவை பெரும்பாலும் சமரசத்தில் முடிகின்றன, அதற்குச் சில வருஷம் ஆகும். கடைசியில் இழந்த டாலருக்குச் சில சென்ட்டுகள் என்பதே சாதாரணம். பட்ஜெட் போடும்போது இந்தப் பணத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் பயந்த இன்னொன்று நடக்காது. ஒதுங்கி நின்றால் உரிமை போகாது. தினமும் வரும் 'கடைசி நாள் நெருங்குகிறது' என்ற அறிவிப்புகள், முதன்மை வாதியாக விரும்புகிறவர்களுக்கு மட்டும். முதல் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாள் என்பது அந்தக் கெடு. சாதாரண உறுப்பினராக இருக்க எதுவும் செய்ய வேண்டாம், யாருக்கும் காசு தர வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டிய கெடு பின்னால் வரும். சமரசம் ஆனதும் கோரிக்கைப் படிவம் அனுப்பச் சொல்லி ஒரு தேதி குறிப்பார்கள். அதைத் தவறவிட்டால்தான் காசு கிடைக்காது. புரோக்கர் வழியாக வரும் அந்த உறையை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம். உங்கள் புரோக்கர் அறிக்கைகளையும் ஊழியர் திட்டத்தின் வாங்கல் சீட்டுகளையும் இப்போதே இறக்கி வையுங்கள். வேலை மாறினால் அந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

தனியாக வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தத் தொகைக்குச் செலவு கட்டாது.

வேலையும் விசாவும்

சிவில் வழக்கில் வாதியாக இருப்பது எச்1பி விதிகளுக்கு விரோதமல்ல. அந்த விசாவில் இருப்பவருக்கும் நீதிமன்றத்தில் முழு உரிமை உண்டு. சிக்கல் வேலையில்தான். முதன்மை வாதியின் பெயர் பொது ஆவணத்தில் இருக்கும், உங்கள் மேலாளரும் படிக்கலாம். மோசடியைப் பற்றிப் புகார் கொடுக்கும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று 2002 சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் முதலீட்டாளராக இழப்புக்கு வழக்குப் போடுகிறவரை அது தெளிவாகக் காப்பாற்றும் என்று உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். டெக்சஸில் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு நிறுத்தலாம். எச்1பி விசாவில் வேலை போனால், அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு இந்த அபாயத்தை எடுக்க 62,000 டாலர் நஷ்டம் போதிய காரணம் இல்லை. உங்களைவிடப் பல மடங்கு இழந்த ஓய்வூதிய நிதி ஏதாவது விண்ணப்பித்தால் நீதிபதி பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். கணக்காளர்களும் முழுநேர வக்கீல்களும் வைத்திருக்கும் அமைப்புகள் அவை. வக்கீலைக் கேள்வி கேட்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள்.

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி என்னை நிறுத்தியது: 'உள்ளே என்ன நடந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.' அந்தக் கொஞ்சத்தைப் போனில் பேசியவரிடம் சொல்லாதீர்கள். அலுவலகக் காகிதம் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், வெளிவராத விவரம் கையில் இருக்கும்போது அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ செய்யாதீர்கள். உண்மையிலேயே மோசடியைப் பார்த்திருந்தால், அதற்குரிய இடம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. 2010 சட்டப்படி, தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் உண்டு, அபராதம் பத்து லட்சம் டாலரைத் தாண்டினால் வசூலில் 10 முதல் 30 சதவீதம் வரை வெகுமதியும் உண்டு. வக்கீல் மூலமாகப் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். அந்தப் பாதை வேறு, அதற்கான வக்கீலும் வேறு. போவதற்கு முன்னால் டெக்சஸில் வேலைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கட்டணம் கொடுத்தாலும் பரவாயில்லை, உங்கள் குடும்பத்துக்கு இப்போது மிக அவசியமான செலவு அதுதான்.

கோவையில் இருக்கும் மைத்துனருக்கு

அவருக்கு வழி உண்டு. 2010ல் 'மாரிசன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி, பங்கு எங்கே வாங்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. வாங்கியவர் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பது பொருட்டல்ல. அவர் செயலி வழியாக வாங்கியது நியூயார்க் சந்தையில் பட்டியலிட்ட பங்கு, வர்த்தகமும் அங்கேதான் நடந்தது. ஆகவே அவரும் உங்களைப் போலவே உறுப்பினர்.

'சத்யம் விழுந்தபோது அமெரிக்காவில் பணம் கொடுத்தார்கள், எங்க அப்பாவுக்குப் பத்துப் பைசா வரவில்லை' என்று அவர் புலம்பியதாக எழுதியிருந்தீர்கள். அவர் கோபம் நியாயமானது. கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் 2009 ஜனவரி 7 அன்று வெளியானதும் நியூயார்க்கில் வழக்குகள் தாக்கலாகி, 2011ல் சத்யம் 12.5 கோடி டாலரும் அதன் தணிக்கையாளரான பிரைஸ்வாட்டர்ஹவுஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. இந்தியாவில் இருந்துகொண்டு இந்தியச் சந்தையில் வாங்கியவர்களுக்கு அதில் இடம் இல்லை. இந்தியாவில் அப்போது இப்படிப்பட்ட வழக்குக்கு முறையான வழியே கிடையாது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2013 கம்பெனிச் சட்டத்தில் இத்தகைய கூட்டு வழக்குக்கு இடம் தரும் 245ம் பிரிவு வந்தது, 2016 ஜூனில் நடைமுறைக்கும் வந்தது.

மைத்துனர் செய்ய வேண்டியதெல்லாம், அந்தச் செயலியின் பின்னால் இருக்கும் அமெரிக்க புரோக்கரின் பெயரைக் கண்டுபிடித்து, வாங்கிய சீட்டுகளையும் மாத அறிக்கைகளையும் பிடிஎஃப்பாக எடுத்து வைப்பது. சமரசம் ஆனால் அறிவிப்பு அந்த புரோக்கருக்குத்தான் போகும். கோவை முகவரிக்கு வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். வழக்கின் பெயரையும் நீதிமன்றத்தையும் எண்ணையும் நீங்கள் அவருக்கு எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிலவரம் பார்த்துச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.